மூண்டு செக்கன்

பறங்கி என்றால் இங்கிலிஸ் தானாக வரும் என்று
பாசிக்குடா ஹோட்டல் மனேஜருக்கு ஒரு நினைப்பு.
ஒஸ்மன்ட் செலருக்கு வந்தது தமிழ்,
வீட்டுக்குள் கொஞ்சம் போர்த்துக்கீசு,
கோபம் வந்தால் சிங்களம்.
இங்கிலிசை அவன் பிடித்தது
அறைகளில் வெள்ளைக்காரர் விட்டுப்போன
துப்பறியும் நாவல்களில். கடைசிப் பக்கம் கிழிந்தவை.
கொலைகாரன் யாரென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

வியாழன் இரவுகளில் நீச்சல்குளத்து ஓரம் ஒரு மைக்.
நான் தட்டு ஏந்தி நிற்பேன்.
எங்கட ஊரில மீன் பாடும் என்பான் இங்கிலிசில்,
சனம்தான் வாய் திறக்காது.
ஜெர்மன்காரர் மேசையில் ஒருவர் மற்றவருக்கு விளக்கி
சிரிப்பு வந்துசேர,
அவன் அடுத்த பகிடியின் நடுவில் நிற்பான்.
"மூண்டு செக்கன் மனே," என்பான் பிறகு குசினியில்,
"அதுக்குள்ள சிரிப்பு வராட்டி
அது செத்த மீன்."

மறுகா கொழும்பு.
ஏசி போட்ட கோப்பிக் கடை, ஐம்பது கதிரை.
அவனுடைய மட்டக்களப்பு இங்கிலிசுக்கே பாதிச் சிரிப்பு.
சேர்ட்டை அயன் பண்ணிக் கொண்டுபோன நான்
கதவோரம் நின்றேன்.
என் பெயர் கேட்டது. கிருபை.
திரும்பவும் கிருபை.
கூரை பிரிகிற மாதிரிச் சிரித்தார்கள்,
ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.
இரவு ரயிலில் கேட்டேன், என்னைப் பற்றி என்ன சொன்னாய்?
"நல்லதாத்தான்," என்றுவிட்டு
பொலன்னறுவை வரை நித்திரை மாதிரி நடித்தான்.
அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேணும்
இவனுக்கு நடிப்பு வராது என்று.

சென்னைக்காரர் கூப்பிட்டார்கள். ஆறு நாள் படப்பிடிப்பு.
பகிடி ஒன்றும் வேண்டாம், முகம் போதும் என்றார்களாம்.
"உங்க முகத்துல ஒரு சோகம் இருக்கு சார்."
அந்த முகத்தை வைத்துத்தான்
ஒன்பது வருசம் சிரிப்புக் காட்டினவன்.

படம் ஊருக்கு வந்த இரண்டாம் நாள்
தொப்பியும் மாஸ்க்குமாக என்னோடு வந்தான்.
இடைவேளைக்குக் கொஞ்சம் முந்தி
திரையில் ஒஸ்மன்ட், மடியில் தம்பியின் பிணம்.
வாய் திறக்கிறான்.
வருகிறது வேறு எவனுடையதோ குரல்,
வெண்ணெய் பூசின, தடித்த குரல்:
"ஐயோ தம்பி, நம்ம மண்ணை விட்டுட்டுப் போயிட்டியே!"

பின்வரிசையில் ஒரு பொடியன்:
"மனே ஒஸ்மன்ட், ஒண்ட தொண்டைய
எந்தக் கடலுக்க போட்டுட்டு வந்தாய்?"

ஒன்று.
இரண்டு எண்ணவில்லை நான்.
பால்கனி சிரித்தது, டிக்கெட் கிழிக்கிறவர் சிரித்தார்,
மடியில் கிடந்த பிணம்கூட
உதட்டைக் கடித்த மாதிரி இருந்தது.
பக்கத்தில் திரும்பப் பயந்து திரும்பினேன்.
டிக்கெட்டின் பின்பக்கத்தில், இருட்டில், கோணலாக
அவன் அந்த வசனத்தை எழுதிக்கொண்டிருந்தான்.

கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னான்.
மாஸ்க்கைக் கழற்றினான்.
"ரயிலில கேட்டாயே," என்றான்.
சொன்னான், முதல்தரமாகத் தமிழில், தன் தொண்டையில்:

"எல்லா ஊருக்கும் கிருபை மேல இருந்து இறங்கும்.
எங்கட ஊரில
பஸ்ஸில இருந்து இறங்கும்,
ஐசியைக் கையில பிடிச்சுக்கொண்டு
வரிசையில நிக்கும்."

நான் சிரிக்கவில்லை.
அந்த வரிசைகளில் எனக்குப் பின்னால் நின்றவன் அவன்தான்.
கீழே மீன் பாடியதா என்று நான் கவனிக்கவில்லை.

வண்டியை எடுத்தேன்.
சாவடி இருந்த வளைவில் இப்போது ஒரு போன் கடை.
வாசலில் காற்றடைத்த பொம்மை ஒன்று
இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு
யாரும் சொல்லாமலே ஆடியது.

ஹேண்டில் நடுங்கி, வண்டி மதகில் ஏறப் பார்த்தது.
அப்படிச் சிரித்தேன்.
பின்னால் இருந்தவன் போனில் நேரம் பார்த்தான்.

"நாலு நிமிசம்," என்றான்.
"ஜெர்மன்காரனை விட மோசம் மனே நீ."